வன்பொருள், மென்பொருள், நிலைபொருள்: சுங்கை வேயிலிருந்து சென்னை வரை ஒரு வரலாறு



கணினியைப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகள் இன்று நம் தமிழ்ப்பள்ளிகளில் நிறைந்திருக்கின்றனர். முதலாம் ஆண்டு மாணவன்கூடத் திறன்பேசியைத் தடையின்றி இயக்குகிறான். ஆனால், விசையை அழுத்தியதும் கணினி எவ்வாறு விழித்தெழுகிறது, அதற்கு முதல் ஆணையை இடுவது எது என்று கேட்டால் பிள்ளைகள் மட்டுமல்லர், நம்மில் பலரும் விடை கூறத் தயங்குவோம்.

இக்கட்டுரை அந்த முதல் ஆணையின் வரலாற்றையும், அதனை ஏற்று நடக்கும் நுண்செயலியின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தொடங்கும் இவ்வரலாறு, நாம் வாழும் பெட்டாலிங் ஜெயாவையும் தொட்டு, சென்னையையும் சென்றடைகிறது. ஆகவே, இதனை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கடமை நமக்கு உண்டு எனக் கருதுகிறேன்.

(கைத்தொலைபேசியில் நாம் பதிவிறக்கம் செய்வனவற்றையும் இன்று 'செயலி' என்றே அழைக்கிறோம். குழப்பம் நேராதிருக்க, கணினியின் மூளையாகிய சில்லினை இங்கு 'நுண்செயலி' என்றே குறிப்பிடுகிறேன்.)

இடையினம் போன்ற ஒரு பொருள்

வன்பொருள் என்பது கையால் தொடக்கூடியது. மென்பொருள் என்பது அதன்மேல் இயங்கும் ஆணைகளின் தொகுப்பு. இவ்விரண்டையும் நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். இவற்றுக்கு நடுவே மூன்றாவது ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் ஃபர்ம்வேர் எனப்படும் அதனைத் தமிழில் 'நிலைபொருள்' என்கிறோம்.

மின்சாரம் பாயும் அந்த நொடியில் கணினியின் தற்காலிக நினைவகம் வெறுமையாக இருக்கும். விண்டோசும் இல்லை, வேறெந்த மென்பொருளும் இல்லை. அப்போது நுண்செயலி, தனக்கென வரையறுக்கப்பட்ட ஒரே ஒரு முகவரிக்குச் சென்று அங்குள்ள ஆணையைப் படிக்கும். மின்சாரம் நின்றாலும் மறவாத ஒரு சிறு சில்லில் அந்த ஆணைகள் பொறிக்கப்பட்டிருக்கும். நினைவகம் சரியாக உள்ளதா, விசைப்பலகை இணைந்துள்ளதா, திரை இயங்குகிறதா என்று அவை சோதிக்கும். அதன் பிறகே வட்டிலிருந்து விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை அழைத்துவரும். அந்த நிலையான ஆணைத் தொகுப்பே நிலைபொருள்.

தமிழாசிரியர்களுக்கு இதனை விளக்குவது எளிது. வல்லினம், மெல்லினம் ஆகிய இரண்டுக்கும் நடுவே இடையினம் நிற்பதுபோல, வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவே நிலைபொருள் நிற்கிறது. 1967-ஆம் ஆண்டு 'டேட்டாமேஷன்' என்னும் இதழில் ஆஷர் ஓப்ளர் என்பவர் இச்சொல்லை ஆங்கிலத்தில் உருவாக்கியபோதும், இந்த நடுநிலையைத்தான் மனத்தில் கொண்டிருந்தார். கணினியின் கட்டுப்பாட்டுப் பகுதியின் உள்ளேயே இருக்கும் மிக நுண்ணிய ஆணைகளை அவர் அச்சொல்லால் குறித்தார். பின்னர் அதன் பொருள் விரிந்தது.

அக்கருத்து ஓப்ளருக்கும் முந்தியது. 1951-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோரிஸ் வில்க்ஸ், மான்செஸ்டரில் நடந்த மாநாட்டில் ஒரு புதிய வழியை முன்வைத்தார். கணினியின் கட்டுப்பாட்டுப் பகுதி அக்காலத்தில் சிக்கலான கம்பிப் பின்னலாக இருந்தது. அதற்கு மாற்றாக, ஒவ்வோர் ஆணையையும் சிறுசிறு படிகளாகப் பிரித்து, அப்படிகளை ஒரு நிலையான நினைவகத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றார் அவர். 1964-இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'சிஸ்டம்/360' கணினிக் குடும்பம் இக்கருத்தைப் பெருமளவில் பயன்படுத்தியது. சிறிய கணினியானாலும் பெரிய கணினியானாலும் ஒரே ஆணைமொழியைப் புரிந்துகொள்ளும் நிலை அதனால் உருவானது.

2,300 டிரான்சிஸ்டர்களும் சுங்கை வேயும்

1971-ஆம் ஆண்டு நவம்பரில் இன்டெல் நிறுவனம் '4004' என்னும் சில்லினை அறிவித்தது. பிசிகாம் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் கணக்கிடும் கருவிக்காக அது உருவாக்கப்பட்டது. ஃபெடரிகோ ஃபாஜின், டெட் ஹாஃப், ஸ்டான் மேசர், மசாதோஷி ஷிமா ஆகிய நால்வரின் உழைப்பு அது. விரல்நகத்தினும் சிறிய சிலிக்கான் துண்டில் 2,300 டிரான்சிஸ்டர்களை அடக்கியிருந்தனர். ஒரு கணினியின் மூளை முழுவதும் விற்பனைக்குரிய ஒரே சில்லாக வந்தது அப்போதுதான் எனலாம்.

அதே 1971-இல் நம் நாட்டில் தாராள வாணிப வட்டாரச் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டே, 1972-இல், பினாங்கின் பாயான் லெப்பாசிலும் நம் பெட்டாலிங் ஜெயாவின் சுங்கை வேயிலும் தாராள வாணிப வட்டாரங்கள் செயல்படத் தொடங்கின. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை 1972-இல் பினாங்கில் எழுந்தது. சுங்கை வேயில் மோட்டோரோலா போன்ற நிறுவனங்கள் வந்தன. மோட்டோரோலாவின் சில்லுப் பிரிவு 2004-இல் ஃப்ரீஸ்கேல் என்று தனி நிறுவனமாகி, 2015-இல் என்எக்ஸ்பி நிறுவனத்தோடு இணைந்தது. பெயர்கள் மாறினாலும் சுங்கை வேயில் சில்லுத் தொழில் தொடர்கிறது.

இங்கு ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சில்லு பிறப்பதற்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது, வடிவமைத்தல். இரண்டாவது, சிலிக்கான் வில்லையில் அதனைப் பொறித்தல். மூன்றாவது, வில்லையை வெட்டி, தங்கக் கம்பிகளால் இணைத்து, உறையிட்டு, சோதித்தல். மலேசியாவுக்கு முதலில் வந்தது இந்த மூன்றாவது கட்டமே. இன்றும் உலகில் நடைபெறும் இப்பணியில் ஏறத்தாழ 13 விழுக்காடு நம் நாட்டில் நடைபெறுகிறது. பழைய பென்டியம் சில்லுகளின் மேலுறையை உற்றுப் பார்த்தால், 'மலாய்' என்று ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

அந்த மூன்றாவது கட்டத்தின் முதுகெலும்பாக விளங்கியவர்கள் பெண்கள். மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்துகளில் வந்து இரவு பகல் மாற்றுப் பணி செய்தனர். என் தாயாரும் அவர்களுள் ஒருவர். 1980-களில் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் உருப்பெருக்கியின் முன் அமர்ந்து, தலைமுடியினும் மெல்லிய கம்பியைச் சில்லோடு இணைக்கும் பணியைச் செய்தார். அச்சில்லு என்ன செய்யும் என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். "அதெல்லாம் நமக்கு யாருப்பா சொன்னா? நல்லதா கெட்டதான்னு பார்த்து அனுப்புறதுதான் நம்ம வேலை" என்றார். ஓர் ஆயிரம் சில்லுகளில் கோளாறுள்ள ஒன்றைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கும் திறன் அவர் தலைமுறைக்கு இருந்தது. அதன் உள்ளே எழுதப்பட்டிருந்ததைப் படிக்கும் வாய்ப்புதான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

'டெலிட்' விசையை அழுத்துக!

1990-களில் கணினி வாங்கியவர்களுக்கு ஒரு கருந்திரை நினைவிருக்கும். கணினியைத் திறந்ததும் நினைவகத்தின் அளவு எண்களாக ஓடும். கீழே, அமைப்புக்குள் நுழைய 'டெலிட்' விசையை அழுத்துமாறு ஒரு வரி தோன்றும். அத்திரையில் பெரும்பாலும் 'அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ்' என்ற பெயர் இருக்கும். அதுதான் நிலைபொருள் தன் முகத்தை நமக்குக் காட்டும் நேரம்.

அதன் பெயர் 'பயாஸ்'. 1970-களில் கேரி கில்டால் என்னும் அமெரிக்கர் தம் சிபி/எம் இயங்குதளத்தில் இச்சொல்லை முதலில் கையாண்டார். ஒவ்வொரு கணினியின் வன்பொருளும் வெவ்வேறாக இருந்த காலம் அது. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் பகுதியை மட்டும் தனியே பிரித்துவிட்டால், எஞ்சிய மென்பொருளை மாற்றாமலேயே எல்லாக் கணினிகளிலும் பயன்படுத்தலாம் என்று அவர் கண்டார். எளிய கருத்துதான். ஆயினும், தனியாள் கணினித் தொழில் வளர்ந்தது அக்கருத்தின் மீதுதான்.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-இல் ஐபிஎம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் பாகங்கள் பெரும்பாலும் கடையில் கிடைப்பவை. ஐபிஎம்முக்கே உரியதாக இருந்தது பயாஸ்தான். அதன் ஆணைகளை ஐபிஎம் தன் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. ஆனால், பதிப்புரிமை இருந்ததால் எவரும் அதனைப் படியெடுக்க இயலாது.

காம்பேக் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு குழுவினர் ஐபிஎம் பயாசைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதினர். அதனைக் கண்ணால்கூடப் பார்த்திராத இன்னொரு குழுவினர் அக்குறிப்பைக் கொண்டு புதிதாக எழுதினர். நல்ல மாணவன் பாடத்தைப் படித்துப் பொருளுணர்ந்து, பிறகு சொந்த நடையில் எழுதுவதைப் போன்றது இது. 1982-இல் காம்பேக் தன் கணினியை அறிவித்தது. 1984 முதல் ஃபீனிக்ஸ் என்னும் நிறுவனம் இவ்வாறு எழுதிய பயாசைப் பிறருக்கும் விற்கலாயிற்று. ஐபிஎம்மின் தனியுரிமை தளர்ந்தது. கணினி விலை சரிந்து, நம் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது.

இந்நிலையில்தான், 1985-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சுப்ரமோனியன் சங்கர் என்னும் இந்திய வம்சாவளியினர், அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். பின்னாளில் டெல் எனப் புகழ்பெற்ற நிறுவனம் அவர்களுடைய முதல் வாடிக்கையாளர். தாய்ப்பலகை தயாரிப்பு மெல்ல மெல்லத் தைவானுக்கு இடம்பெயர்ந்தபோது, இந்நிறுவனம் அப்பலகைகளுக்கு உரிய பயாசை எழுதித் தருவதில் நிலைபெற்றது. சென்னையிலும் அதற்குப் பணிமனை அமைந்தது. தைவானில் செய்த பலகை, பினாங்கில் உறையிட்ட நுண்செயலி, சென்னைப் பொறியாளர்களும் பங்குகொண்ட நிலைபொருள் என மூன்றும் ஒரே பெட்டிக்குள் கூடி நம் பள்ளிக்கூடக் கணினியறையில் அமர்ந்திருந்தன என்பதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை.

நிலைபொருளின் முக்கியத்துவத்தை 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் உலகமே உணர்ந்தது. 'செர்னோபில்' என்று அழைக்கப்பட்ட கணினி நச்சுநிரல் அன்று விழித்தெழுந்தது. வட்டில் இருந்த தகவல்களை அது அழித்தது. பல கணினிகளில் பயாசையும் சிதைத்தது. பயாஸ் அழிந்த கணினிக்கு முதல் ஆணையே இல்லை. விசையை அழுத்தினால் திரை கறுப்பாகவே நிற்கும். சில்லினைக் கழற்றி மீண்டும் எழுதினாலன்றி அது உயிர் பெறாது.

தமிழுக்கு இடமில்லாத 256 கட்டங்கள்

நிலைபொருள் என்பது பொறியாளர்களின் விவகாரம், தமிழாசிரியர்களாகிய நமக்கு இதனால் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். இப்பகுதி அவர்களுக்காகவே.

ஐபிஎம் தனியாள் கணினியில், திரையில் தோன்றும் எழுத்துகளின் வடிவங்கள் ஒரு நிலைச்சில்லில் பொறிக்கப்பட்டிருந்தன. அதில் 256 கட்டங்கள் இருந்தன. ஆங்கில எழுத்துகள், ஐரோப்பிய மொழிகளின் சில எழுத்துகள், கணிதக் குறிகள், கட்டம் வரைய உதவும் கோடுகள் ஆகியன அவற்றை நிரப்பின. சிரித்த முகத்திற்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது. சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களுக்கும் இடம் கிடைத்தது. 247 எழுத்துகளைக் கொண்ட தமிழுக்கு ஓர் இடமும் இல்லை. வஞ்சகம் எதுவும் இதில் இல்லை. அதனை வடிவமைத்த அறையில் தமிழ் அறிந்தவர் எவரும் இல்லை, அவ்வளவே.

அடித்தளத்தில் இடமில்லாததால், தமிழ் மேலிருந்து நுழைய வேண்டியதாயிற்று. மலேசியப் பொறியாளர் முத்து நெடுமாறன் 1980-களின் நடுப்பகுதியில் 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 'முரசு அஞ்சல்' என வளர்ந்து, உலகத் தமிழர்கள் இணையத்தில் எழுதுவதற்கு அது பெருந்துணை புரிந்தது. கைத்தொலைபேசிகள் பரவியபோது அதே சிக்கல் மீண்டும் எழுந்தது. பெரும்பாலான கைத்தொலைபேசிகளின் நிலைபொருளில் தமிழ் எழுத்துகள் இல்லை. அவர் உருவாக்கிய 'செல்லினம்', எழுத்து வடிவங்களைத் தானே சுமந்துகொண்டு கைத்தொலைபேசிக்குள் சென்றது. 2005-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் சிங்கப்பூரில் அது பொதுப் பயனுக்கு வந்தது. பின்னர் ஆப்பிள் கணினிகளிலும் ஐபோன்களிலும் அவர் வடிவமைத்த தமிழ் எழுத்துருக்கள் தொடக்கத்திலிருந்தே உடன்வரும் நிலை ஏற்பட்டது. 'தமிழ் சங்கம் எம்என்' என்ற எழுத்துருவில் உள்ள 'எம்என்' அவர் பெயரின் முதலெழுத்துகளே.

இருபது ஆண்டுகள் மேலிருந்து தட்டிக்கொண்டிருந்த தமிழ், இறுதியில் அடித்தளத்தில் இடம் பெற்றது. அடித்தளத்தை எழுதுபவர் எதை மறந்தாலும், அதன் சுமையை மேலே இருப்பவர் நெடுங்காலம் தாங்க வேண்டியிருக்கிறது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

ஓர் ஆசிரியர் கண்டுபிடித்த பிழை

இனி நுண்செயலிக்கு வருவோம். 1993-இல் இன்டெல் வெளியிட்ட பென்டியம் சில்லின் உருவாக்கத்தில் முன்னணியில் நின்றவர் வினோத் தாம் என்னும் இந்தியர். 1994-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர் பகா எண்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். தம் கணினி தரும் விடைகளில் ஏதோ ஒவ்வாமையைக் கண்டார். பல மாதங்கள் பொறுமையாகத் தேடி, பிழை தம் கணக்கிலும் இல்லை, மென்பொருளிலும் இல்லை, சில்லிலேயே உள்ளது என்று நிறுவினார். வகுத்தலுக்காகச் சில்லினுள் பொறிக்கப்பட்டிருந்த வாய்பாட்டில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்தன.

சில்லில் பொறித்ததை அழித்து எழுத முடியாது. சில்லுகளையே மாற்றித்தர வேண்டியதாயிற்று. இதன்பொருட்டு இன்டெல் 47.5 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்கியது. 1995-இல் வந்த பென்டியம் புரோ முதல், சில்லினுள் உள்ள நுண்ணாணைகளைப் பின்னர் திருத்தும் வசதி இடம்பெற்றது. கணினி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் பயாஸ் அத்திருத்தத்தைச் சில்லுக்குக் கொண்டுசேர்க்கும். வில்க்ஸ் 1951-இல் விதைத்த கருத்தின் பயனை இங்கே காணலாம்.

வாய்பாட்டில் ஐந்து இடங்கள் விடுபட்டால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு, வாய்பாடு மனனம் செய்யச் சலித்துக்கொள்ளும் நம் மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த கதை இல்லை!

சில்லின் இலக்கணம் யாருக்குச் சொந்தம்?

ஒவ்வொரு நுண்செயலிக்கும் ஒரு மொழி உண்டு. கூட்டு, ஒப்பிடு, எடு, வை, தாவு என்பன போன்ற சில ஆணைகளே அம்மொழியின் சொற்கள். இதனை ஆணைத்தொகுதி என்பர். 1980-களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சனும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் ஹென்னசியும், குறைந்த எண்ணிக்கையிலான எளிய ஆணைகளைக் கொண்ட சில்லே விரைவாக இயங்கும் என்று காட்டினர். 'ரிஸ்க்' எனப்படும் இம்முறைக்காக 2017-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் வழங்கப்பட்டது. இங்கிலாந்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் 1985-இல் இம்முறையில் உருவாக்கிய 'ஆர்ம்' சில்லின் வழித்தோன்றல்களே இன்று நம் திறன்பேசிகளில் உள்ளன.

ஆனால், இம்மொழிகளுக்கு உரிமையாளர்கள் உண்டு. இன்டெல்லின் ஆணைத்தொகுதியைக் கொண்டு எவரும் விரும்பியவாறு சில்லு செய்ய இயலாது. ஆர்ம் மொழியைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். தமிழில் எழுதுவதற்கு ஒவ்வொரு முறையும் யாரிடமோ அனுமதி பெறவேண்டும் என்றால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2010-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிரஸ்தே அசனோவிச்சும் அவர்தம் மாணவர்களும் பேட்டர்சனின் துணையோடு 'ரிஸ்க்-ஃபைவ்' என்னும் ஆணைத்தொகுதியை உருவாக்கத் தொடங்கினர். எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அதனை உலகுக்கு வழங்கினர்.

அந்த இலக்கணத்தைக் கையிலெடுத்து 2014-இல் சில்லு எழுதத் தொடங்கிய இடங்களுள் ஒன்று சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம். பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழுவினர் தம் திட்டத்திற்குச் 'சக்தி' என்று பெயரிட்டனர். சிறிய கருவிகளுக்கான எளிய நுண்செயலி முதல் ஆற்றல்மிக்கது வரை ஒரு குடும்பமாகவே அதனைத் திட்டமிட்டனர். வடிவமைப்பின் மூலவரிகளையும் எவரும் படிக்கத் திறந்து வைத்தனர். 2018 ஜூலையில் முதற்சில்லு அறிவிக்கப்பட்டது. சென்னையில் வடிவமைத்த அதனைப் பொறித்துத் தந்தது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள இன்டெல் ஆலை. லினக்ஸ் இயங்குதளம் அதில் இயங்கியது. அதே ஆண்டிலேயே சண்டிகரில் உள்ள இந்திய அரசின் ஆலையிலும் ஒரு சில்லு பொறிக்கப்பட்டது. 2020-இல் 'மௌஷிக்' என்ற சில்லு வந்தது. 2025 பிப்ரவரியில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து, விண்கலப் பயன்பாட்டுக்காகச் சக்தியை அடிப்படையாகக் கொண்ட சில்லு ஒன்று உருவாக்கப்பட்டதாக அறிவித்தனர்.

மிகையாகச் சொல்ல வேண்டியதில்லை. சக்தி சில்லுகள் நம் மேசைக் கணினியில் உள்ள நுண்செயலிக்கு விரைவில் ஈடாகா. சண்டிகர் ஆலையின் 180 நானோமீட்டர் நுட்பம் உலகின் முன்னணி ஆலைகளைவிடப் பல தலைமுறை பழையது. ஆயினும், இம்முயற்சியின் மதிப்பு வேகத்தில் இல்லை. 1980-களில் இந்தியா கேட்ட அமெரிக்க மீக்கணினி மறுக்கப்பட்டது. அதன் விளைவாக 1988-இல் புனேயில் சி-டாக் நிறுவனம் தோன்றி, 1991-இல் 'பரம் 8000' என்னும் மீக்கணினியை உருவாக்கியது. ஆனால், அதனுள் இருந்த நுண்செயலி பிரிட்டனில் பிறந்தது. சக்தியில் நுண்செயலியின் வடிவமைப்பே சொந்தமானது. உள்ளே என்ன எழுதப்பட்டுள்ளது என்று ஒரு மாணவன் கேட்டால், வரிவரியாகக் காட்ட முடியும். அறிவுக்கு இதனினும் பெரிய வாசல் வேண்டுமா?

நம் நாடு இன்று

மலேசியாவும் இவ்வுண்மையை உணர்ந்துள்ளது. உறையிடும் பணியிலிருந்து வடிவமைக்கும் பணிக்கு உயரவேண்டும் என்பதே 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைக்கடத்தி வியூகத்தின் நோக்கங்களுள் ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்டில், நம் பெட்டாலிங் ஜெயாவுக்கு அருகிலுள்ள பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புப் பூங்கா தொடக்கம் கண்டது. 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்தோடு 10 ஆண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள உடன்பாடு கையெழுத்தானது. பத்தாயிரம் பொறியாளர்களைப் பயிற்றுவிப்பதும் அத்திட்டத்தில் அடங்கும். 2025 ஆகஸ்டில் 'மார்ஸ்1000' என்னும் செயற்கை நுண்ணறிவு நுண்செயலியை, உள்நாட்டில் வடிவமைத்தது என உள்ளூர் நிறுவனம் ஒன்று அறிமுகப்படுத்தியது.

அந்தப் பத்தாயிரம் பேரில் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? என்னை உறுத்தும் கேள்வி இதுவே. பொறியியல் பட்டம் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும். ஆனால், 'இதனுள் என்ன இருக்கிறது?' என்று கேட்கும் பழக்கம் தொடக்கப்பள்ளியிலேயே முளைவிட வேண்டும். படிநிலை இரண்டில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நிரலாக்கம் கற்பிக்கிறோம். நிரலை எழுதச் சொல்லித் தருவதோடு, அந்நிரலை யார் படிக்கிறார், எப்படிப் படிக்கிறார் என்பதையும் சில நிமிடங்கள் சொல்லலாமே.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் எளிதாகச் செய்யக்கூடிய மூன்றினைப் பரிந்துரைக்கிறேன்.

1. பழுதடைந்து மூலையில் கிடக்கும் மேசைக் கணினி ஒன்றினை, மின்னிணைப்பை முற்றிலும் நீக்கிவிட்டு, பிள்ளைகள் முன் திறந்து காட்டுங்கள். (மின்வழங்கிப் பெட்டியையும் பழைய குழாய்த்திரையையும் மட்டும் திறக்கவே கூடாது.) நுண்செயலி எது, பயாஸ் சில்லு எது என்று தேடச் சொல்லுங்கள். சில்லுகளின் மேல் மலேசியாவின் பெயரைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு கொடுங்கள்.

2. வகுப்பில் ஒரு மாணவனை நுண்செயலியாக நிறுத்துங்கள். எடு, வை, கூட்டு, ஒப்பிடு, தாவு ஆகிய ஐந்து சொற்களுக்கு மட்டுமே அவன் பணிய வேண்டும். இந்த ஐந்து ஆணைகளைக் கொண்டு மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கும்படி மற்ற மாணவர்கள் அவனை வழிநடத்தட்டும். ஆணைத்தொகுதி என்றால் என்ன என்பது அரைமணி நேரத்தில் விளங்கிவிடும். ஐயமற எழுதுவதன் அருமையும் விளங்கும். கட்டுரைப் பயிற்சிக்கும் இது நல்லதே.

3. இல்லத்தில் மின்னணுத் தொழிற்சாலையில் பணியாற்றிய பாட்டியோ, தாயோ, அத்தையோ இருந்தால், அவர்களிடம் அப்பணியைப் பற்றிக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். நம் வட்டாரப் பள்ளிகளில் அத்தகைய குடும்பங்கள் பல உள்ளன. தம் குடும்பத்தின் கைகள் உலகக் கணினி வரலாற்றில் பங்கு பெற்றவை என்பதைப் பிள்ளைகள் அறிந்தால், அத்துறை அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

ஒரு தலைமுறை சில்லினைக் கண்ணால் சோதித்தது. அடுத்த தலைமுறையாகிய நாம் அதனைப் பயன்படுத்தக் கற்றோம். நம்மிடம் பயிலும் தலைமுறை அதன் உள்ளே எழுதட்டும். அதற்கான முதல் ஆணையை இடவேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமும் பெற்றோர்களாகிய நீங்களுமே.

மேற்கண்ட மூன்றனுள் எதையேனும் உங்கள் வகுப்பில் செய்து பார்த்தால், பிள்ளைகள் என்ன கூறினர் என்பதைத் தவறாமல் எழுதுங்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் அது பயன்படும்.